அமிலத்தைத் தின்றது யார்?

சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் போயிருப்பவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்திருப்பார்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில், பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே யாரோ சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனது போல நரம்பு நரம்பாக ஓடும் கல். ஆங்கிலேயர்கள் அந்த இடத்துக்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அது சாக் இல்லை. சாக் என்பது கால்சியம் கார்பனேட். இது மெக்னீசியம் கார்பனேட். ஊர்க்காரர்கள் ‘வெள்ளைக்கல்’ என்றார்கள். கல், வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான் சொன்னார்கள். அதில் இன்றைக்கும் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

என் பெரியப்பா அந்தக் கல்லைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் முப்பது வருஷம் கெமிஸ்டாக இருந்தவர். உலைகளின் உட்சுவரில் வைக்கும் செங்கல்லுக்கு இந்தக் கல்தான் மூலப்பொருள். லாரி லாரியாக வரும் கல்லில் மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்வது அவர் வேலை. ஒரு லாரிக் கல்லை உடைத்து, குவித்து, அந்தக் குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்கள் இரண்டை மட்டும் எடுத்து, மறுபடி உடைத்து, மறுபடி நான்காக்கி, கடைசியில் முகப்பவுடர் மாதிரி அரைத்ததில் அரை கிராம். அந்த அரை கிராம்தான் லாரியின் விலையைச் சொல்லும்.

அந்த அரை கிராமை எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்கூலில் நாம் செய்த டைட்ரேஷன் (பாடநூல் தரம்பார்த்தல் என்று எழுதும், யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை) நேரடியானது. கீழே காரம், மேலே பியூரெட்டில் அமிலம், நிறம் மாறியதும் நிறுத்து. மேக்னசைட்டிடம் இது நடக்காது. சுண்ணாம்புக்கல் மேல் நீர்த்த அமிலம் பட்டால் உடனே நுரைக்கும். மேக்னசைட் அசையாமல் கிடக்கும். பொடியாக்கிச் சூடுபடுத்தினால்தான் மெல்லக் கரையும். சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுக்கொண்டு நின்றால், கல் கரைவதற்கு முன்பே நிறங்காட்டி ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும். பொய்யான முடிவு.

அதனால் பெரியப்பா வேறு மாதிரி கேட்பார். தேவைக்கு மேலேயே அமிலத்தைக் கொடுத்துவிடுவது. அரை கிராம் பொடிக்கு 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி. அதன் பலம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். சூடுபடுத்தி, கல் முழுக்கக் கரைந்து, கார்பன் டை ஆக்சைடு எல்லாம் வெளியேறியதும் ஆறவைத்து, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு. இப்போது பியூரெட்டில் இருப்பது காரம், 0.5 நார்மல் காஸ்டிக் சோடா. கல் தின்றது போக எவ்வளவு அமிலம் மீந்திருக்கிறது என்று பார்ப்பார். சிவப்பு போய் வெளிர் மஞ்சள் வந்ததும் நிறுத்தம். 27.40 மில்லி காரம் செலவானால், 27.40 மில்லி அமிலம் மீந்திருந்தது. 50-லிருந்து கழித்தால் 22.60. அதைக் கல் தின்றிருக்கிறது. கணக்குப் போட்டால் 95.3 சதவீதம் மெக்னீசியம் கார்பனேட். உலோகமாகப் பார்த்தால் 27.5 சதவீதம் மெக்னீசியம்.

இதுதான் பேக் டைட்ரேஷன். கல்லிடம் எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அமிலத்திடம்தான் கேட்டோம். அதிலும் போன அமிலத்திடம் இல்லை, போகாத அமிலத்திடம். கல்லைப் பற்றி நாம் சொல்வது முழுக்க முழுக்க ஒரு கழித்தலில் இருந்து வருகிறது.

நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் படித்தபோது கெமிஸ்ட்ரி லேப் ரெக்கார்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீரின் கடினத்தன்மை சோதனை. மூன்று ரீடிங் எடுக்க வேண்டும், இரண்டு ஒத்துப்போக வேண்டும். என் ரெக்கார்டில் எல்லாம் ஒத்துப்போயிருந்தன. வகுப்பில் எல்லோருக்குமே ஒத்துப்போயிருந்தன. வரவேண்டிய விடை சீனியர் ரெக்கார்டில் இருக்கும். அதிலிருந்து பின்னால் நடந்து ரீடிங்கை எழுதிவிடுவோம். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏங்கண்ணு, இதுதான் உங்க காலேஜ்ல பேக் டைட்ரேஷனா?”

எனக்கு அப்போது அது புரியவில்லை. சிரித்து வைத்தேன். அவர் ரெக்கார்டின் கடைசி வரியில் விரலை வைத்தார். கடினத்தன்மை இவ்வளவு பிபிஎம், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது என்று இருந்தது. “இந்தத் தண்ணியில கால்சியம் கார்பனேட் இருக்குன்னு இதுக்கு அர்த்தமா?” என்றார். ஆமாம் என்றேன். “இல்ல. கால்சியமோ மெக்னீசியமோ தெரியல. எல்லாத்தையும் கால்சியம் கார்பனேட்னு வெச்சுக்கிட்டா இவ்வளவு வரும். அந்த ‘ஆகக் கணக்கிட்டது’ங்கற வார்த்தை இருக்கு பாரு, அதை வெட்டிட்டா மிச்சம் பொய்.”

பதினெட்டு வயதில் இதெல்லாம் காதில் ஏறாது. மார்க் வந்தது, ரெக்கார்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

அவர் சொன்னதைக் கல்லுக்கு வைத்துப் பார்க்கலாம். 22.60 மில்லி அமிலம் போய்விட்டது என்பது உண்மை. அதை மெக்னீசியம்தான் தின்றது என்று எங்கே தெரிந்துகொண்டோம்? எங்கேயும் இல்லை. அமிலத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. அரை கிராமில் 15 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் கலந்திருந்தால் அதுவும் தன் பங்கைத் தின்றிருக்கும், நாமோ அதை மெக்னீசியத்தின் கணக்கில் எழுதியிருப்போம். சதவீதத்தில் இரண்டரை கூடிவிடும். செங்கல் செய்கிறவருக்கு அந்த இரண்டரை சின்ன விஷயமில்லை.

சரி, யாருமே தின்னாமல் அமிலம் போகுமா? போகும். கொதிக்கும்போது கொஞ்சம் ஆவியாகப் போகலாம். காஸ்டிக் சோடா காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு நேற்றைய பலத்தில் இன்று இல்லாமல் போகலாம். இதற்காகத்தான் ‘பிளாங்க்’ என்று ஒன்று. கல்லே போடாமல் அதே 50 மில்லி அமிலத்தை அதே நேரம் கொதிக்கவைத்து, அதே மாதிரி டைட்ரேட் செய்வது. வெறும் குடுவையைச் சோதிப்பது. பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அதில் 50 வரவேண்டிய இடத்தில் 49.80 வந்தால், 0.20 மில்லியை யாரும் தின்னவில்லை, அது முறையின் கசிவு. அதைக் கழித்தால் 95.3 என்பது 94.4 ஆகிவிடும்.

நான் இந்த எண்களைச் சும்மா போடவில்லை. 95-க்கு மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை என்று ஒரு ஏற்பாடு இருந்த காலத்தில், ‘பிளாங்க் எதுக்கு தினமும், வாரத்துக்கு ஒருக்கா போட்டுக்கலாமே’ என்று ஒருவர் பெரியப்பாவிடம் தன்மையாகவே சொல்லியிருக்கிறார். பொய் எழுதச் சொல்லவில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றச் சொல்லவில்லை. வெறும் குடுவையைச் சோதிக்கும் வேலையை மிச்சப்படுத்தச் சொன்னார். பெரியப்பா தினமும் போட்டார். இதை அவர் பெருமையாக எதுவும் சொல்லவில்லை. அந்த வருஷம் வரவேண்டிய இன்க்ரிமென்ட் வரவில்லை என்பதைப் பெரியம்மாதான் சொன்னார், இன்னும் கோபம் போகாமல்.

கழித்து அறிவது வேதியியலோடு நிற்கும் பழக்கமில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் தர்க்கவியல் பற்றி எழுதிய நூலில் இதை ஒரு முறையாகவே வகுத்தார்: ஒரு நிகழ்விலிருந்து தெரிந்த காரணங்களின் விளைவுகளைக் கழித்துவிடு, எஞ்சியது எஞ்சிய காரணத்தின் விளைவு. சொல்வதற்கு எளிது. எஞ்சிய காரணம் ஒன்றே ஒன்றுதான், அது இன்னதுதான் என்று முன்பே தெரிந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதை இங்கே பொருந்தும். யுரேனஸின் பாதையில் தெரிந்த கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் ஒரு பிசகு மீந்தது. இன்னொரு கோள் இழுக்கிறது என்றார், எங்கே என்றும் கணக்கிட்டார். 1846-இல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகை தள்ளி நெப்டியூன். பிறகு புதன். அதன் பாதையிலும் கணக்குக்கு அடங்காத சிறு விலகல், இன்றைய கணக்கில் நூறாண்டுக்கு 43 ஆர்க்செகண்ட். 1859-இல் அதே மனிதர், அதே முறை: சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று அதற்குப் பெயரும் வந்தது. பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோள் இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பையே வேறு மாதிரி எழுதியதும் அந்த 43 வந்துவிட்டது. லெவெரியேயின் கழித்தல் இரண்டு முறையும் சரியாகவே இருந்தது. இரண்டாவது முறை பெயர்தான் தவறிவிட்டது.

எனக்கு அவரைவிட கேவண்டிஷை அதிகம் பிடிக்கும். 1785-இல் காற்றை ஆக்சிஜனோடு சேர்த்து மின்பொறி விட்டு விட்டு, நைட்ரஜனையெல்லாம் தீர்த்துப் பார்த்தார். ஒரு சின்னக் குமிழி மட்டும் தீரவே மாட்டேன் என்றது. மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அந்த அளவை எழுதி வைத்தார், பெயர் எதுவும் வைக்கவில்லை. 1894-இல் ராலேயும் ராம்சேயும் அதே மிச்சத்தை மறுபடி சந்தித்து ஆர்கான் என்று அறியும்வரை, நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் குமிழி பெயரில்லாமலே இருந்தது.

இவ்வளவும் நான் படித்ததே பின்னால்தான். படிக்கவைத்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், டீமில் யாருடைய நேரம் எங்கே போகிறது என்று ஒரு ரிப்போர்ட் கேட்டார்கள். நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 176. டிக்கெட்டுகளில் ஒவ்வொருவரும் பதிந்த மணிநேரத்தை எடுத்துக் கூட்டு. 176-லிருந்து கழி. மீதியை ஒரு காலத்தில் போடு. அந்தக் காலத்துக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. ‘ஐடில்’ என்று எழுதினேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. நாலெழுத்தில் முடிகிறது, காலம் அகலமாகாது என்பது தவிர வேறு எதுவும் நான் யோசிக்கவில்லை. நாற்பதைத் தாண்டினால் சிவப்பு நிறம் வரும்படியும் செய்தேன்.

எங்களோடு ஒரு சீனியர் இருந்தார். எல்லோரும் ஜி என்று கூப்பிடுவோம். அவர் வரிசையில் மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு. ஒரு மாதம் 61. நாலாவது மாதம் அவரை ப்ராஜெக்டிலிருந்து விடுவித்தார்கள். அந்த வார்த்தையைத்தான் பயன்படுத்தினார்கள், ஏதோ அவர் விடுதலை கேட்ட மாதிரி. பிறகு கம்பெனியிலிருந்தும் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் அந்த 61 மணிநேரம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி சர்வர் விழுந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஃபோனில் சரிசெய்து கொடுத்தது அவர்தான் என்று ஆபரேஷன்ஸ் டீம் சொன்னது. டிக்கெட்டே இல்லை என்றால் நேரத்தை எதில் பதிவது? நானே வாரத்துக்கு நாலைந்து முறை என் கோடைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போயிருக்கிறேன். அந்த 61-இல் எனக்காகச் செலவழித்த மணிநேரமும் இருந்தது. அதை நான்தான் ஐடில் என்று கூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்கிரிப்டில் பிழை இல்லை. இதைப் பல தடவை எனக்கே நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 176 சரி, பதிந்த 115 சரி, கழித்தல் சரி. முடிவெடுத்தது நானில்லை, எனக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கும் ஒரு தாள் பொய் சொல்ல முடியுமா? முடியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். எண்கள் போய்ச் சேரும் இடத்தில் அவற்றைப் படிப்பவர் கழித்தலைப் பார்ப்பதில்லை, தலைப்பைத்தான் பார்க்கிறார். ‘பதிவாகாதது’ என்று எழுதியிருந்தால் மேலே இருப்பவர் ஒரு வினாடியாவது ‘ஏன் பதிவாகவில்லை’ என்று கேட்டிருக்கக்கூடும். கேட்காமலும் போயிருக்கலாம். ஆனால் ‘ஐடில்’ அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை. பிளாங்கும் நான் போடவில்லை. நன்றாக வேலை செய்கிறார் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒருவருக்கு அந்தக் காலத்தில் என்ன வருகிறது என்று பார்த்திருந்தால் போதும். பின்னால் பார்த்தேன், அவருக்கே 28 வந்தது. முறையின் கசிவே மாதம் 28 மணிநேரம்.

இதற்காக யாரையும் அளக்கவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லாரி வாசலில் நிற்கிறது, ஒரு எண் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் கண்ணால் பார்த்து விலை பேசுவார்கள். அது கல் வெட்டுகிறவருக்கு இன்னும் மோசம். நேராகக் கேட்டால் பதில் சொல்லாத கற்களும் உண்டு, ஜி மாதிரி. ‘என்னென்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் ‘பெருசா ஒண்ணுமில்ல’ என்பார். அப்படிப்பட்டவர்களை மிச்சத்தை வைத்துத்தான் அறிய முடியும் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எண்பதை நெருங்குகிறார், காது கொஞ்சம் மந்தம். முழுக்கக் கேட்டுவிட்டு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஏற்காட்டு பாக்சைட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சேர்வராயன் மலைமேல் அந்தத் தாதும் உண்டு. அலுமினியம் எடுப்பது அதிலிருந்துதான்.

அலுமினியம் மேக்னசைட்டைவிடச் சிக்கலானது என்றார். இடிடிஏ என்ற வேதிப்பொருள் உலோக அயனிகளை நண்டு மாதிரி கவ்விப் பிடிக்கும். அலுமினியத்தைப் பிடிக்க அதற்கு நேரமாகும், கொதிக்கவைக்க வேண்டும். போதாததற்கு அலுமினியம் நிறங்காட்டியையே கட்டிப்போட்டுவிடும், நிறம் மாறாது. அதனால் இங்கேயும் இடிடிஏ-வை அதிகமாகக் கொடுத்துக் கொதிக்கவைத்து, மீந்ததை ஜிங்க் கரைசலால் அளக்க வேண்டும். மஞ்சள் சிவப்பாக மாறும். ஆனால் பாக்சைட்டில் இரும்பு நிறைய இருக்கும். இரும்பும் இடிடிஏ-வைப் பிடித்துக்கொள்ளும். குறைந்ததில் அலுமினியத்தின் பங்கு எது, இரும்பின் பங்கு எது?

“அங்க நிறுத்திட்டா தப்பாப் போயிரும் கண்ணு. அப்புறம் ஃப்ளோரைடு போடணும்.”

ஃப்ளோரைடுக்கு அலுமினியத்தின் மேல் தனி ஈர்ப்பு. சிவந்து நிற்கும் கரைசலில் அதைப் போட்டுக் கொதிக்கவைத்தால், அலுமினியம் மட்டும் இடிடிஏ-வை விட்டுவிட்டு ஃப்ளோரைடோடு போய்விடும். இரும்பு அசையாது. (டைட்டானியம் கொஞ்சம் கூடவே வரும், அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது என்றார்.) விடுபட்ட இடிடிஏ கரைசலை மறுபடி மஞ்சளாக்கும். அதை மறுபடி ஜிங்கால் அளந்தால், அது அலுமினியத்தின் கையில் இருந்த அளவு. முதல் முறை செய்தது கழித்தல். இரண்டாவது முறை, குறைந்ததைத் திரும்ப வரவழைத்து, யாரிடம் இருந்தது என்று பார்ப்பது.

“ஒரு மணி நேரம் கூட ஆகும்” என்றார். “அதுக்குச் சோம்பல் பட்டுத்தான் நிறைய பேரு முதல் ரீடிங்கோட எழுதிருவாங்க.”

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஜி-யின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். அவர் இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறார். நலம் விசாரித்து, பிள்ளைகள் படிப்பைப் பேசி, பத்து நிமிஷம் சுற்றி வளைத்த பிறகுதான் அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான் என்று சொன்னேன். அந்தக் காலத்துக்குப் பெயர் வைத்ததும் நான் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“அது நீ எழுதுனதாய்யா? கலரெல்லாம் நல்லா போட்டிருந்தியே” என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், அந்தப் பேமென்ட் மாட்யூலில் மாசக்கடைசியில் மட்டும் வரும் ஒரு பிழை இருந்ததே, அது கடைசியில் என்னதான் ஆச்சு, யாராவது கண்டுபிடித்தார்களா என்று கேட்டார். ரெண்டு வாரம் அதோடு மாரடித்தேன், டிக்கெட் போடுவதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.